சிலந்தி மனிதனுக்கு முதலாளி எதற்கு?

உங்கள் வீட்டில் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை இருந்தால் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். "ஸ்பைடர்மேன் போட்டிருக்கும் உடுப்பை யார் தைத்தது?" பிள்ளை சட்டென்று சொல்லும்: "டோனி ஸ்டார்க் கொடுத்தது." அதே கேள்வியை, வேலைக்குப் போய்க்கொண்டிருக்கும் மூத்த பிள்ளையிடம், 2002-லும் 2004-லும் வந்த படங்களைப் பார்த்து வளர்ந்தவனிடம் கேளுங்கள். "அவனே தைத்துக்கொண்டது" என்பான்.

வீரன் ஒருவன்தான், முகமூடியும் ஒன்றுதான். பதில்கள் மட்டும் இரண்டாக இருக்கின்றன. இதில் என்ன பெரிய விஷயம், வாத்தியாருக்கு வேறு வேலை இல்லையா என்று நீங்கள் நினைக்கலாம். விஷயம் இருக்கிறது. வாடகைக்கும் வட்டிக்கும் நடுவில் காலம் தள்ளும் ஓர் ஏழைப் பையனின் கதையாகப் பிறந்த ஒன்று, கோடீசுவரர் ஒருவரின் தயவில் முன்னேறும் பையனின் கதையாக மாறிப்போனதை இந்த இரண்டு பதில்களும் சொல்லிவிடுகின்றன. பார்க்கிற பிள்ளைகள் நம் பிள்ளைகள். ஆகவே நமக்கும் இதில் ஒரு பேச்சு உண்டு.

(சிலந்தி மனிதன் என்று எழுதத்தான் எனக்கு ஆசை. பிள்ளைகள் சிரிக்கிறார்கள். தலைப்போடு அந்த ஆசையை நிறுத்திக்கொண்டு, இனி ஸ்பைடர்மேன் என்றே எழுதுகிறேன்.)

இந்தப் படங்களைப் பார்த்திராத தாய்மார்களுக்காக முதலில் ஒரு விளக்கம். முன்பெல்லாம் ஒரு படம் என்றால் ஒரு கதை, ஒரு நாயகன். 2008-ஆம் ஆண்டு மார்வெல் என்ற அமெரிக்க நிறுவனம் 'அயர்ன் மேன்' என்ற படத்தை எடுத்தது. அதன் நாயகன்தான் டோனி ஸ்டார்க் என்னும் ஆயுத வியாபாரி, பெரும் பணக்காரர், இரும்புக் கவசம் அணிந்து பறப்பவர். படம் முடிந்து பெயர்கள் ஓடிய பிறகு ஒரு சிறு காட்சி வைத்தார்கள். 'உன்னைப் போல் இன்னும் பலர் இருக்கிறார்கள்' என்று ஒருவர் வந்து அவரிடம் சொல்லிவிட்டுப் போவார். அங்கே ஆரம்பித்தது. பிறகு ஒவ்வொரு நாயகனுக்கும் ஒரு படம் எடுத்து, 2012-இல் எல்லாரையும் ஒரே படத்தில் கூட்டினார்கள். அந்தக் கூட்டத்திற்கு 'அவெஞ்சர்ஸ்' என்று பெயர். ஒரு படத்தில் இடிந்த கட்டடம் அடுத்த படத்திலும் இடிந்தே கிடக்கும். ஒருவர் படத்தில் மற்றவர் வந்து எட்டிப் பார்ப்பார். இதைத்தான் கூட்டுக் கதையுலகம் என்கிறார்கள்.

அந்தக் கூட்டத்தில் ஸ்பைடர்மேன் சேரலாமா, அவன் தனியாக இருக்க வேண்டியவன் அல்லவா என்பது, இந்தப் படங்களைப் பார்ப்பவர்களிடையே 2016 முதல் இருந்து வரும் வாக்குவாதம்.

காசோலையை மாற்ற முடியாத வீரன்

இந்தப் பையனின் பிறப்பைப் பார்த்துவிடுவோம். 1962-இல் ஸ்டான் லீ என்ற எழுத்தாளரும் ஸ்டீவ் டிட்கோ என்ற ஓவியரும் சேர்ந்து, நின்றுபோகவிருந்த ஒரு சித்திரக்கதை இதழின் கடைசி இதழில் இவனை அறிமுகம் செய்தார்கள். அந்த இதழின் விலை 12 காசு, அமெரிக்கக் காசு. பையனின் பெயர் பீட்டர் பார்க்கர். நியூயார்க் நகரில் குவீன்ஸ் என்ற பகுதியில் இருப்பவன். தாய் தந்தை இல்லை. தந்தையின் அண்ணன் பென் என்பவரும் அவர் மனைவி மே என்பவரும் வளர்க்கிறார்கள். ஆங்கிலத்தில் அங்கிள், ஆன்ட்டி என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். நம் முறைப்படி பார்த்தால் பெரியப்பா, பெரியம்மா.

கதிர்வீச்சுக்கு ஆளான சிலந்தி ஒன்று கடித்து, சுவரில் ஏறும் ஆற்றலும் பெரும் பலமும் அவனுக்கு வந்துவிடுகின்றன. அதை வைத்துக்கொண்டு அவன் முதலில் செய்தது ஊரைக் காப்பாற்றுவது அன்று, காசு சம்பாதிப்பது. மல்யுத்த மேடை, தொலைக்காட்சி என்று போகிறான். ஒரு நாள் திருடன் ஒருவன் எதிரே ஓடுகிறான். காவலர் பிடிக்கச் சொல்லிக் கத்துகிறார். 'எனக்கென்ன, அது உன் வேலை' என்று பீட்டர் நின்றுவிடுகிறான். அதே திருடன்தான் பின்னர் பெரியப்பாவைச் சுட்டுக் கொல்கிறான். அந்தக் குற்ற உணர்வில்தான் ஸ்பைடர்மேன் உருவாகிறான்.

இதுவரை பலருக்கும் தெரிந்த கதை. தெரியாதது அடுத்ததாக, 1963-இல் அவனுக்கென்றே தொடங்கிய இதழின் முதல் எண்ணில் இருக்கிறது. சம்பாதித்துப் போட்டவர் போய்விட்டார். வீட்டு வாடகை நிற்கிறது. முகமூடி போட்டுக்கொண்டு மேடையில் வித்தை காட்டுகிறான். கூட்டம் நிறைகிறது. நடத்தியவர் சம்பளத்தைக் காசோலையாகக் கொடுக்கிறார், 'ஸ்பைடர்மேன்' என்ற பெயருக்கு! வங்கிக்குப் போனால், அடையாளப் பத்திரம் எங்கே என்கிறார்கள். முகமூடிக்கு ஏது அடையாளப் பத்திரம்? காசு கிடைக்கவில்லை. அதே கதையில் பெரியம்மா தம் நகையை அடகுக் கடைக்குக் கொண்டுபோவதை அவன் பார்த்துவிடுகிறான்.

சம்பள நாளுக்கு இன்னும் பத்து நாள் இருக்கையில் தாலிக்கொடி அடகுக் கடைக்குப் போவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! அறுபது ஆண்டுகளுக்கு முன் நியூயார்க்கில் வரைந்த அந்தச் சித்திரத்திற்கு நமக்கு யாரும் உரை எழுத வேண்டியதில்லை.

அதே இதழிலேயே இன்னொன்றும் நடக்கிறது. இந்தக் கட்டுரைக்கு வேண்டியது அதுதான். அந்நகரில் 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' என்று நால்வர் கொண்ட வீரர் குழு ஒன்று இருந்தது. பீட்டர் அவர்களுடைய கட்டடத்திற்குள் புகுந்து, தன் பலத்தையெல்லாம் காட்டி, என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்கிறான். ஏன்? சம்பளத்துக்காக. நாங்கள் யாருக்கும் சம்பளம் கொடுப்பதில்லை, வருவதெல்லாம் ஆராய்ச்சிக்கே போகிறது என்கிறார்கள். அப்படியானால் எனக்கு வேண்டாம் என்று போய்விடுகிறான்.

ஆகவே, ஸ்பைடர்மேன் தனி உலகத்தில் பிறந்தவன், அவனை இழுத்துக்கொண்டுபோய்க் கூட்டத்தில் தள்ளிவிட்டார்கள் என்று வாதாடுகிறவர்கள் சொல்வது சரியில்லை. பிறந்து ஓராண்டுக்குள் அவன் மற்ற வீரர்களின் வாசலுக்குப் போயிருக்கிறான். 1972 முதல் 1985 வரை 150 இதழ்கள் வந்த 'மார்வெல் டீம்-அப்' என்ற வெளியீட்டில் பெரும்பாலும் மாதத்துக்கு ஒரு வீரரோடு சேர்ந்து சண்டை போட்டிருக்கிறான். சண்டை முடிந்ததும் அவர் அவர் வழியைப் பார்ப்பார், இவன் தன் வாடகையைப் பார்க்கப் போவான்.

1966-இல் வந்த ஆண்டு மலர்க் கதை ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. அவெஞ்சர்ஸ் குழுவினர் அவனைச் சேர்த்துக்கொள்ள நினைத்து ஒரு சோதனை வைக்கிறார்கள். ஹல்க் என்ற பச்சை அரக்கனைப் பிடித்து வா என்கிறார்கள். தேடிப் போகிறான். அந்த அரக்கன் உண்மையில் ஒரு நோயாளி மனிதன், விஞ்ஞானி, தன்னையறியாமல் இப்படி மாறுகிறவன் என்று கண்டுபிடிக்கிறான். பாவம் என்று விட்டுவிட்டு, ஆளைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று பொய் சொல்லித் தோற்றுப்போனவனாகத் திரும்புகிறான். அவர்கள் ஹல்க்குக்கு உதவி செய்யத்தான் அழைத்து வரச் சொன்னார்கள் என்பது அவனுக்குத் தெரியாது. சொல்லவும் இல்லை, கேட்கவும் இல்லை. உத்தியோகம் போயிற்று. அந்தக் குழுவில் அவன் முழு உறுப்பினராகச் சேர்ந்தது 2005-இல்தான். அதாவது பிறந்து 43 ஆண்டுகள் கழித்து!

சேர்ந்த பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2005-லும் 2006-லும் வந்த கதைகளில் டோனி ஸ்டார்க் அவனையும் மனைவியையும் பெரியம்மாவையும் தம் மாளிகையில் குடிவைத்தார், புதுக் கவசம் செய்து கொடுத்தார். நன்றிக் கடனுக்காக, அவர் சொன்னபடி உலகத்தின் முன்னால் இவன் முகமூடியைக் கழற்றினான். விளைவு? 2007-இல் அவனுக்கு வைத்த குண்டு பெரியம்மாவின் மேல் பாய்ந்தது. அந்தச் சிக்கலிலிருந்து கதையை மீட்பதற்கு, 1987-இல் நடத்திவைத்த அவன் திருமணத்தையே நடக்காததாக ஆக்க வேண்டியதாயிற்று. பலருக்கு அது இன்றும் ஆறாத கோபம்.

வாரத்துக்கு விட்ட மாடு

இனி சினிமாவுக்கு வருவோம். 1996-இல் மார்வெல் நிறுவனம் நொடித்துப்போய் நீதிமன்றப் பாதுகாப்பை நாடியது. கையில் இருந்த கதாபாத்திரங்களைப் படமெடுக்கும் உரிமையை ஒவ்வொன்றாக விற்றுப் பிழைத்த காலம் அது. ஸ்பைடர்மேன் 1999-இல் சோனி நிறுவனத்தின் கைக்குப் போனான். சாம் ரேமி என்ற இயக்குநர் 2002, 2004, 2007 ஆகிய ஆண்டுகளில் மூன்று படங்கள் எடுத்தார். டோபி மெக்வயர் நாயகன். அந்த மூன்றிலும் வேறு எந்த வீரனும் கிடையாது.

அவற்றில் 2004-இல் வந்த இரண்டாம் படத்தைப் பார்க்காதவர்கள் தேடிப் பிடித்துப் பார்க்க வேண்டும். பீட்டருக்குப் பீட்ஸா கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. நேரத்துக்குப் போகவில்லை என்று வேலை போகிறது. வீட்டுக்காரர் வாடகைக்குக் கதவருகே காத்திருக்கிறார். உடுப்பைப் பொதுச் சலவை இயந்திரத்தில் போட்டால் சாயம் மற்றத் துணிகளில் இறங்கிவிடுகிறது. பெரியம்மாவின் வீடு கடனில் முழுகப் போகிறது. வங்கியில் போய் உட்கார்ந்து கேட்கிறார், இல்லையென்று அனுப்பிவிடுகிறார்கள். அந்த நிலைமையிலும் பீட்டரின் பிறந்த நாளுக்கு 20 டாலரை எடுத்துக் கொடுக்கிறார் அந்த அம்மா. வேண்டாம் என்கிறான். வாங்கிக்கொள் என்று அதட்டுகிறார். கொடுக்க இருப்பது அவ்வளவுதான் என்பதும், அதைக் கொடுக்காமல் இருக்க முடியாது என்பதும் அந்த அதட்டலில் இருக்கின்றன.

அதே படத்தில், நிற்காமல் ஓடும் ரயிலைத் தன் வலையால் இழுத்து நிறுத்திவிட்டு மயங்கி விழப்போகிறான். உள்ளே இருக்கும் பயணிகள் அவனைத் தாங்கிப் பிடித்து, கைமாற்றிக் கைமாற்றித் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டுபோய்க் கீழே கிடத்துகிறார்கள். முகமூடி இல்லை. சின்னப் பையனாக இருக்கிறானே என்கிறார் ஒருவர். முகத்தைப் பார்த்ததை யாரிடமும் சொல்ல மாட்டோம் என்கிறார்கள் இரண்டு சிறுவர்கள். பகைவன் வந்து அவனைக் கேட்டபோது, கையில் ஆயுதம் எதுவும் இல்லாத அந்தச் சனங்கள்தாம் முன்னால் வந்து மறித்து நிற்கிறார்கள்.

இந்தக் காட்சியைக் கூட்டுக் கதையுலகத்தில் எடுக்க முடியுமா? மேலே அயர்ன் மேன் பறந்துகொண்டிருந்தால், ரயிலுக்குள் இருப்பவர்கள் எழுந்து நிற்க வேண்டிய அவசியமே வந்திருக்காது. தனி வீரனின் பக்கத்தில் நிற்கச் சாதாரண மனிதனுக்கு இடம் இருக்கிறது. வீரர்கள் கூடிவிட்டால் அவன் தூரத்தில் நின்று அண்ணாந்து பார்க்கிறவன் ஆகிவிடுகிறான். என்னுடைய பெரிய மனக்குறை இதுதான்.

அடுத்து 2012-லும் 2014-லும் ஆண்ட்ரூ கார்ஃபீல்டை வைத்து இரண்டு படங்கள் வந்தன. இரண்டாவது படம் எதிர்பார்த்தபடி போகவில்லை. இதற்குள் மார்வெல் நிறுவனம் மீதமிருந்த வீரர்களைக் கொண்டே தலைதூக்கி, 2009-இல் டிஸ்னியோடு சேர்ந்து, சினிமா உலகத்தையே கையில் வைத்திருந்தது. ஆனால் வீட்டின் செல்லப் பிள்ளை மட்டும் அடுத்த வீட்டில்! 2015 பிப்ரவரியில் ஓர் உடன்பாடு செய்துகொண்டார்கள். உரிமையும் முதலும் சோனியுடையவை, படத்தை உருவாக்கிக் கொடுப்பது மார்வெல், பையன் அவெஞ்சர்ஸ் படங்களிலும் வந்துபோவான். நம் ஊர்ப் பேச்சில் சொல்வதென்றால் வாரத்துக்கு விட்ட மாடு. மாடு ஒருவருடையது, கொட்டகை இன்னொருவருடையது. 2019 ஆகஸ்டில் பால் பங்கில் தகராறு வந்து உடன்பாடு முறிந்ததும், உலகம் முழுவதும் ரசிகர்கள் கூச்சல் போட்டதும், அடுத்த மாதமே சமாதானம் ஆனதும் பலருக்கு நினைவிருக்கும். ஆகவே அவன் கூட்டத்தில் சேர்ந்ததற்கு முதல் காரணம் கதையின் தேவை அன்று, கணக்குப் புத்தகம். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. 1963-இல் அவன் அந்த நால்வரின் வாசலுக்குப் போனதும் காசுக்காகத்தானே!

துரையும் கங்காணியும்

2016-இல் 'கேப்டன் அமெரிக்கா: சிவில் வார்' படத்தில் புதுப் பீட்டர், டாம் ஹாலண்ட், அறிமுகமாகிறான். குப்பையில் கிடந்த பழைய டிவிடி கருவியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் வருகிறான். சோபாவில் டோனி ஸ்டார்க் உட்கார்ந்திருக்கிறார்! அழகான ஆரம்பம். அவன் தானே தைத்து வைத்திருந்த உடுப்பைப் பார்த்துக் கேலி செய்துவிட்டு, புது உடுப்புக் கொடுத்து, ஜெர்மனிக்கு அழைத்துப் போய், தம்முடைய சண்டையில் இறக்கிவிடுகிறார். பதினைந்து வயதுப் பையன். சண்டைக்கு என்ன காரணம் என்பதுகூட அவனுக்குச் சரியாகத் தெரியாது.

2017-இல் வந்த 'ஹோம்கமிங்' படத்தில் அந்தப் பையன் குவீன்ஸில் உட்கார்ந்து காத்திருக்கிறான். அடுத்த அழைப்பு எப்போது வரும் என்று ஸ்டார்க்கின் ஆளான ஹாப்பி என்பவருக்கு நாள்தோறும் தகவல் அனுப்புகிறான். பதில் வருவதில்லை. துரைக்கு மனம் இருந்தாலும் கங்காணிக்கு நேரமில்லை! அந்தப் பகுதிகளைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, சற்று நேரத்தில் சிரிப்பு நின்றது. தெருவில் பாட்டிக்கு வழி காட்டுவதையும் திருட்டு சைக்கிளை மீட்பதையும் அவன் சில்லறை வேலையாக நினைக்கிறான். பெரிய இடத்துக்குப் போவதுதான் முன்னேற்றம் என்று யாரோ அவன் மனத்தில் எழுதிவிட்டார்கள்.

அந்தப் படத்தின் வில்லனை மட்டும் நம்மால் எளிதில் வெறுக்க முடியாது. டூம்ஸ் என்பவர் இடிபாடுகளை அள்ளும் குத்தகைக்காரர். 2012 படத்தில் அவெஞ்சர்ஸ் போட்ட சண்டையில் நியூயார்க் இடிந்தது அல்லவா, அதைச் சுத்தம் செய்யும் வேலையை நகராட்சியிடம் எடுத்திருக்கிறார். புது லோரிகள் வாங்கியாயிற்று, ஆள் சேர்த்தாயிற்று. ஒரு நாள் கோட்டு போட்ட அதிகாரிகள் வந்து, இனி இந்த வேலை எங்களுடையது, நீங்கள் போகலாம் என்கிறார்கள். வந்திருப்பது அரசாங்கமும் ஸ்டார்க் நிறுவனமும் சேர்ந்து அமைத்த புது இலாகா. இடித்தவரே அள்ளுகிற குத்தகையையும் எடுத்துக்கொண்டார்! நம் தோட்டத்துச் சிறு குத்தகைக்காரர் யாரும் அந்தக் காட்சியை இரண்டாம் முறை பார்க்க வேண்டியதில்லை, ஒரே தடவையில் விளங்கிவிடும். அந்த மனிதர் பிறகு கள்ள ஆயுதம் செய்து விற்பது குற்றம்தான். ஆனால் பெரிய இடத்தில் இருப்பவர்கள் நம்மைப் போன்றவர்களைத் திரும்பிப் பார்ப்பதில்லை என்று அவர் பீட்டரிடம் சொல்லும்போது, பீட்டரிடம் பதில் இல்லை. படத்திடமும் இல்லை. 1963-இன் பீட்டராக இருந்தால் அந்த மேசையின் எந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பான்?

நல்லதையும் சொல்லிவிட வேண்டும். உடுப்பைப் பறித்துக்கொண்டார் ஸ்டார்க். பழைய, கையால் தைத்த உடுப்போடு போன பீட்டர் மேல் கட்டடமே விழுகிறது. உதவி உதவி என்று அழுகிறான். யாரும் வரவில்லை. பிறகு தானே தூக்குகிறான். 1966-இல் டிட்கோ வரைந்த கதை ஒன்றில், பெரியம்மாவின் மருந்து எட்டாத தூரத்தில் இருக்க, பெரும் இயந்திரத்தின் அடியில் கிடந்து அவன் அதைத் தூக்கியெழும் பக்கங்களின் சாயல் அது. அந்தப் படத்தின் மிக உண்மையான இடம், அயர்ன் மேன் வராத இடம். படத்தை எடுத்தவர்களுக்கே அது தெரிந்திருக்கிறது. கடைசியில் அவெஞ்சர்ஸில் சேர் என்று ஸ்டார்க் அழைத்தபோது, நான் என் தெருவிலேயே இருந்துகொள்கிறேன் என்று திரும்பி வருகிறான். அத்தோடு விட்டிருக்கலாம்.

விடவில்லை. 2018-இல் வந்த 'இன்ஃபினிட்டி வார்' படத்தில் விண்வெளிக்கே போகிறான். அங்கே ஸ்டார்க்கின் கைகளில், போக மனமில்லை என்று மன்றாடியபடி சாம்பலாக உதிர்ந்து போகிறான். அந்தக் காட்சியில் கண் கலங்காதவர் குறைவு. கூட்டுக் கதையுலகம் இல்லையென்றால் அப்படி ஒரு காட்சி பிறந்தே இருக்காது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அழுதது யாருக்காக என்று யோசித்துப் பாருங்கள். பிள்ளையைக் காப்பாற்ற முடியாமல் போன ஸ்டார்க்கின் துயரம் அது. பீட்டர் அடுத்தவர் கதையில் பிள்ளையாக இருக்கிறான்.

2019-இல் வந்த 'ஃபார் ஃப்ரம் ஹோம்' படத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஸ்டார்க் இறந்துவிட்டார், சொத்தாக ஒரு கண்ணாடியை விட்டுப் போகிறார். வில்லன் அவரிடம் வேலை பார்த்து விலக்கப்பட்டவன். கூட இருப்பவர்களும் அப்படியே. வரிசையாக இரண்டு படங்களில், முதலாளியிடம் வேலை இழந்தவர்களோடு சண்டை போடுவதே இந்த ஏழைப் பையனின் வேலையாகிவிட்டது! பெரியப்பா பென் எங்கே? பெயர்கூடச் சொல்வதில்லை. குற்ற உணர்வு இருந்த இடத்தில் நன்றிக் கடனைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள்.

இதற்கு நேர் எதிரான பைத்தியக்காரத்தனமும் நடந்தது. சோனி நிறுவனம் தனக்கென்று ஒரு கூட்டு உலகம் கட்டப் புறப்பட்டது, ஸ்பைடர்மேனின் பகைவர்களையும் பழக்கமானவர்களையும் மட்டும் வைத்து. 2018-இல் 'வெனம்' ஓடிற்று. 2022-இல் 'மோர்பியஸ்', 2024-இல் 'மேடம் வெப்', அதே ஆண்டு 'கிரேவன்' ஆகியவை விழுந்தன. மாப்பிள்ளை இல்லாமல் சம்பந்திகளை மட்டும் அழைத்து நடத்திய கல்யாணம் வேறு எப்படி முடியும்?

மறுபடியும் வாடகை வீடு

2021 டிசம்பரில் வந்த 'நோ வே ஹோம்' உலகம் முழுவதும் ஏறக்குறைய 190 கோடி டாலர் வசூலித்தது. பழைய இரண்டு ஸ்பைடர்மேன்களும் வந்து நிற்பதைப் பார்க்கக் கூடிய கூட்டம் என்று சொல்வார்கள். உண்மைதான். கூட்டு உலகத்தின் உச்சம் அந்தப் படம். ஆனால் அதன் உள்ளே நடப்பது வேறு.

டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் என்ற மந்திரவாதி, வேறு உலகங்களிலிருந்து வந்துவிட்ட பகைவர்களைத் திருப்பியனுப்பிவிடு, அங்கே போய்ச் சாவது அவர்கள் விதி என்கிறார். பெரியம்மா மே ஒத்துக்கொள்வதில்லை. ஏழை எளியவர்களுக்கு உதவும் இடத்தில் வேலை செய்கிறவர் அவர். வாசலுக்கு வந்தவனைச் சாகட்டும் என்று அனுப்புவதா என்கிறார். பீட்டர் பெரியம்மாவின் பக்கம் நிற்கிறான். 1966-இல் ஹல்க்கை விட்டுவிட்டு வந்த பையனை எனக்கு அங்கே மறுபடி தெரிந்தது. அதற்கு விலையாகப் பெரியம்மாவின் உயிர் போகிறது. பெரியப்பா சொல்ல வேண்டிய பொறுப்புப் பற்றிய பேச்சை, ஐந்து படங்கள் கழித்து, சாகும் முன் அவர்தாம் சொல்லிவிட்டுப் போகிறார்.

முடிவில் உலகத்தைக் காப்பாற்ற, எல்லாரும் தன்னை மறந்துபோகும்படி மந்திரம் போடச் சொல்கிறான். காதலிக்கும் தெரியாது, நண்பனுக்கும் தெரியாது, அவெஞ்சர்ஸ் யாருக்கும் தெரியாது. சிறிய அறை ஒன்றை வாடகைக்கு எடுக்கிறான். ஒன்றாம் தேதி வாடகை வந்துவிட வேண்டும் என்று வீட்டுக்காரர் சொல்கிறார். மேசையில் பள்ளித் தேர்வுக்கான புத்தகம். தானே தைத்த உடுப்பைப் போட்டுக்கொண்டு சன்னல் வழியே வெளியே பாய்கிறான்.

கூட்டத்தில் இருக்கலாமா கூடாதா என்று கேட்டால் என் கணக்கு இதுதான். மற்ற வீரர்கள் அவன் தெருவுக்கு வரலாம், அவனும் அவர்கள் சண்டைக்குப் போகலாம். அறுபது ஆண்டுகளாக அப்படித்தான் நடந்திருக்கிறது. அவன் வாடகையை மட்டும் அவர்கள் கட்டக் கூடாது. கட்டினால் அவன் அவர்களுடைய ஆள், பிறகு அவனுக்குக் கதையில்லை. மாளிகையில் குடியிருந்த 2006-லும் அதுதான் நடந்தது, கோடீசுவரர் கொடுத்த உடுப்பைப் போட்ட படங்களிலும் அதுதான் நடந்தது. உதவி வேண்டாம் என்பது வீறாப்பு என்று சிலர் சொல்லக்கூடும். ரயில் பயணிகள் கொடுத்ததும் உதவிதான், பெரியம்மாவின் 20 டாலரும் உதவிதான். அவற்றை அவன் வாங்கிக்கொண்டான். அவற்றுக்குப் பதிலாக அவனை யாரும் ஜெர்மனிக்கு அழைக்கவில்லை.

பெற்றோருக்கு ஒரு யோசனை. பிள்ளைகள் கைப்பேசியில் துண்டு துண்டாகப் பார்த்துச் சண்டைக் காட்சிகளை மட்டும் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். பள்ளி விடுமுறையில் ஒரு மாலை, வேலை முடிந்து குளித்துச் சாப்பிட்ட பிறகு, 2004-இல் வந்த படத்தை வீட்டில் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். அறுவை மருத்துவர்களை இயந்திரக் கைகள் தாக்கும் காட்சி ஒன்று முன்பகுதியில் இருக்கிறது, மிகச் சிறியவர்கள் பயப்படுவார்கள். வங்கிக் காட்சி வரும்போது பிள்ளைகள் எழுந்து போக முயல்வார்கள். பிடித்து உட்கார வையுங்கள். 'நோ வே ஹோம்' படத்தைப் பத்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் காட்டலாம். பெரியம்மா இறக்கும் இடத்தில் பெரியவர் யாராவது பக்கத்தில் இருப்பது நல்லது. நடுவில் வந்த படங்களை அவர்களே எப்படியும் பார்த்திருப்பார்கள். டூம்ஸ் என்ற அந்தக் குத்தகைக்காரருக்கு நடந்தது நியாயமா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். என் வகுப்பில் கேட்டபோது ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து, மணி அடித்த பிறகும் நிறுத்தவில்லை.